கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ஓவர்கிளாக் பண்ணலாமா, காத்து போதுமா, தண்ணி வேணுமா?

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல பிராசசரை ஓட்டுறது, அதனால வர்ற சூடு, அதை தணிக்கிற ஏர் கூலர், லிக்விட் கூலர் பத்திதான். கத்திரி வெயில் நேரம் வேற, கேக்கத்தான் செய்வாங்க. அதனால மொபைல், பிரிண்டர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு சிலர் கேட்டிருந்தாங்க, அதனால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி (மதுரை): அண்ணா, என்கிட்ட ஐ5-12400எஃப் பிராசசர், எச்610 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கு. யூடியூப்ல 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலயே ஏத்துறாங்க. நானும் ஏத்தணும். அதுக்கு 240 லிக்விட் கூலர் வாங்குன்னு பிரெண்டு சொல்றான். வாங்கலாமா?

வாங்காதீங்க தம்பி. (240, 360ன்னு சொல்றது லிக்விட் கூலரோட ரேடியேட்டர் அளவு, மில்லிமீட்டர்ல.) இன்டெல்ல பேர் கடைசியில 'கே', 'கேஎஃப்', 'கேஎஸ்'னு இருக்குற பிராசசரை மட்டும்தான் ஏத்த விடுவாங்க, அதுவும் இசட் வரிசை போர்டுல போட்டாத்தான். உங்க கிட்ட ரெண்டுமே இல்ல. உங்க பிராசசர் தானாவே 4.4 வரைக்கும் போய்ட்டு வரும், அதுக்கு மேல கதவு பூட்டியிருக்கு. 12வது தலைமுறை வந்த புதுசுல விலை ஒசந்த சில பி660 போர்டுல பேஸ் கிளாக்கை (பிராசசர் வேகத்துக்கு அடிப்படையான துடிப்பை) ஏத்தி, கே இல்லாத பிராசசரையும் 5க்கு மேல ஓட வெச்சாங்க, நீங்க பாத்த வீடியோ அதுவாத்தான் இருக்கும். எச்610ல அந்த குறுக்கு வழி கிடையாது.

சூடுன்னு பாத்தா உங்களது சாதாரணமா 65 வாட், முழு வேகத்துல 117 வாட் எடுக்குற பிராசசர். கூடவே வந்த சின்ன கூலரே கேமுக்கு சமாளிக்கும், சத்தம்தான் கொஞ்சம் போடும். சத்தம் தொந்தரவா இருந்தா ஒரே ஒரு ஃபேன் வெச்ச டவர் கூலர் (தகடுங்களை அடுக்கி நிமித்தி வெச்ச ஏர் கூலர்), டீப்கூல் ஏகே400 மாதிரி ஒண்ணு, தாராளமா போதும். 240 லிக்விட் வாங்குற காசுல மிச்சத்தை வெச்சு வேற ஏதாவது உருப்படியா பண்ணுங்க. முதல்ல டாஸ்க் மேனேஜர் தொறந்து மெமரி ஸ்பீடு எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. 3200 ரேம் வாங்கிட்டு அது 2133லயோ 2666லயோ ஓடிட்டு இருக்குற சிஸ்டம் நம்ம ஊர்ல ஏராளம், பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ள போற செட்டிங் மெனு) எக்ஸ்எம்பின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணாத வரைக்கும் அப்படியேதான் ஓடும். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டிருந்தா இன்னொண்ணு வாங்கி ஜோடியா போடுங்க. லிக்விட் கூலர்ல கிடைக்காத எஃப்பிஎஸ் (கேம்ல நொடிக்கு எத்தனை காட்சிங்கற கணக்கு) இதுல கிடைக்கும்.

இல்ல, எதையாவது ஏத்தியே தீரணும்னு கை துறுதுறுங்குதா? கிராபிக்ஸ் கார்டு இருக்கே. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க, திரையில புள்ளி புள்ளியா வந்தாலோ கேம் மூடிக்கிட்டாலோ ரெண்டு படி எறங்கிக்கோங்க.

கேள்வி (கோவை): இப்ப ஓவர்கிளாக் பண்ணா வேகம் 4, 5 சதவீதம்தான் கூடுது, ஆனா சூடு மட்டும் கன்னாபின்னான்னு ஏறுது. அந்த காலத்துல 50 சதவீதம் ஏத்துனோம்னு எங்க மாமா சொல்றார். கதை விடறாரா?

மாமா கதை விடல. 1998ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒரு விலை கம்மி பிராசசர் விட்டுச்சு. போர்டு குடுக்குற பஸ் வேகத்தை மல்டிப்ளையரால பெருக்கினா பிராசசர் வேகம்: 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், மல்டிப்ளையர் 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் பூட்டினது, ஆனா போர்டுல பஸ்ஸை 66ல இருந்து 100க்கு மாத்தினா 4.5 பெருக்கல் 100, நேரா 450. அப்படி மாத்தின நெறைய பேருக்கு அது பிரச்சனையே இல்லாம ஓடுச்சு, அதைவிட பல மடங்கு விலை வித்த பென்டியம் 2 கிட்ட போய் நின்னுச்சு. உங்க மாமா அந்த செட்டா இருந்தா அவரை உக்கார வெச்சு கதை கேளுங்க, நல்லா இருக்கும். அதுக்கப்புறம் 2011ல ஐ5-2500கே வந்தப்பவும் 3.3ல இருந்து 4.5 வரைக்கும் சாதாரண டவர் கூலர்லயே பல பேர் கொண்டு போனாங்க.

அப்ப கம்பெனிக்காரன் ஒவ்வொரு சிப்புலயும் நெறைய இடம் விட்டு வெச்சு வித்தான். இப்ப அந்த இடத்தை அவனே எடுத்துக்கிட்டான், டர்போ, பூஸ்ட்னு பேர் வெச்சு. சிப் எவ்வளவு ஓட முடியுமோ அதுக்கு பக்கத்துலயே ஃபேக்டரியில இருந்து வருது, நமக்கு மிச்சம் வெக்கிறது சில சதவீதம்தான்.

சூடு ஏன் அவ்வளவு ஏறுதுன்னா கணக்கு இதுதான். சிப் எடுக்குற பவர், வேகத்தோட நேர் விகிதத்துல கூடும், ஆனா வோல்ட்டேஜோட வர்க்கத்துக்கு கூடும். 4.4ல ஓடுறதை 4.6 ஆக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க, வேகம் நாலரை சதவீதம் கூட. ஆனா அந்த வேகத்துல தடுமாறாம ஓட 1.2 வோல்ட்டை 1.3 ஆக்க வேண்டி வருது. 1.3ஐ 1.2ஆல வகுத்து வர்க்கம் போட்டா 1.17, அதை வேகத்தோட பெருக்கினா 1.22 கிட்ட. ஆக நாலரை சதவீத வேகத்துக்கு 22 சதவீதத்துக்கு மேல பவர், அத்தனையும் சூடாத்தான் வெளிய வரணும். இதுல இன்னொரு கொடுமை, உங்க கேம் கிராபிக்ஸ் கார்டு மேலதான் முழு பாரத்தையும் போடுதுன்னா அந்த நாலரை சதவீதம் கூட எஃப்பிஎஸ்ல தெரியாது, சூடு மட்டும் நிச்சயம்.

இதையே தலைகீழா போட்டா லாபம். வோல்ட்டேஜை கொஞ்சம் குறைச்சா சூடு மளமளன்னு எறங்கும், வேகம் போகாது. அண்டர்வோல்ட்னு சொல்றது அதைத்தான். நம்ம ஊர் வெயிலுக்கு ஓவர்கிளாக்கை விட இதுதான் பொருத்தம்னு நான் ரொம்ப நாளா கத்திட்டு இருக்கேன், யாரும் கேக்குறதா தெரியல, ஏன்னா நம்பர் ஏறுறதுல இருக்குற சந்தோஷம் எறங்குறதுல இல்ல.

கேள்வி (அம்பத்தூர்): சார், ரைசன் 7 7700எக்ஸ் வாங்கி நல்ல டவர் கூலர்தான் போட்டேன். ஆனா சினிபெஞ்ச் (பிராசசருக்கு முழு பாரம் குடுக்குற டெஸ்ட்) ஓட்டினா நேரா 95 டிகிரி. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா 360 லிக்விட் போடலன்னா பிராசசர் போயிடும்கறாங்க. பயமா இருக்கு.

பயப்படாதீங்க, அது போகாது. அந்த தலைமுறை ரைசனை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைச்சிருக்கு. 95 வரைக்கும் போ, அங்க போய் முட்டினதும் அதுக்குள்ள எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு ஓடுன்னு அதுக்கு சொல்லி வெச்சிருக்கு. பெரிய கூலர் போட்டாலும் எல்லா கோரையும் (பிராசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்யிற பகுதிங்க) முழுசா ஓட்டினா 95 பக்கம் போகத்தான் பாக்கும், வேகம் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். அதோட, பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டுக்கு வாங்கின கூலர் எல்லாம் இதுலயும் பொருந்தணும்னு மேல இருக்குற மெட்டல் மூடியை தடிமனா வெச்சுட்டாங்க. சூடு அந்த மூடியை தாண்டி மேல வர்றதுக்கே தடங்கல், அப்புறம் அதுக்கு மேல நீங்க 240 வெச்சா என்ன, 360 வெச்சா என்ன, காசு கூடுற அளவுக்கு டிகிரி குறையாது.

கடைக்காரரை குத்தம் சொல்ல மாட்டேன், விக்கிறது அவர் தொழில். ஆனா நீங்க பைசா செலவில்லாம பண்ண வேண்டியது பயாஸ்ல இருக்கு. 'எகோ மோட்' 65 வாட்னு ஒண்ணு இருக்கும், அதை போட்டா 142 வாட் வரைக்கும் இழுக்குறது 88 வாட்டோட நின்னுக்கும். கேம்ல வித்தியாசம் தெரியிறது ரொம்ப கஷ்டம், வீடியோ ரெண்டர் மாதிரி எல்லா கோரும் உழைக்கிற வேலையிலதான் கொஞ்சம் தெரியும். அது வேணாம்னா பிபிஓ மெனுவுக்குள்ள (ஏஎம்டியோட பூஸ்ட் செட்டிங்) போய் கர்வ் ஆப்டிமைசர்ல (வோல்ட்டேஜை குறைக்கிற இடம்) எல்லா கோருக்கும் மைனஸ் 10 குடுத்து ஒரு வாரம் ஓட்டுங்க, தொந்தரவு இல்லன்னா மைனஸ் 15, 20ன்னு போய் பாருங்க. சும்மா இருக்கும்போது திடீர்னு ரீஸ்டார்ட் ஆச்சுன்னா ரொம்ப தூரம் போயிட்டீங்கன்னு அர்த்தம். இதுல ஒரு குறிப்பு: லோடு குடுத்தா நல்லா ஓடும், பிரவுசர் மட்டும் தொறந்து வெச்சிருக்கும்போது விழும், அதனால வெறும் சினிபெஞ்ச்சை மட்டும் நம்பாதீங்க.

கேள்வி (பெங்களூர்): ஐ9-14900கே, நாள் பூரா 3டி ரெண்டர். ஏர் கூலர் போதுமா?

போதாது. 253 வாட்டை மணிக்கணக்கா எடுக்குற சிப் அது. 360 போடுங்க, நல்லதா பாத்து. பவர் லிமிட்டையும் 253ல கட்டி வையுங்க, நெறைய போர்டு கேக்காமயே லிமிட்டை தூக்கி விட்டுடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, லிக்விட் கூலர் வாங்கினா எத்தனை வருஷம் உழைக்கும்? லீக் ஆகுமெண்டு சொல்லினம், உண்மையோ? இங்க வொரண்டிக்கு அனுப்பி எடுக்கிறதும் பெரிய கரைச்சல். ஏர் கூலரோட நிக்கிறதோ?

நில்லுங்க. உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு, வாரண்டிக்கு அனுப்புறது கரைச்சல்னா கெட்டுப்போற பாகம் கம்மியா இருக்குறதை வாங்குறதுதான் புத்தி.

ஒரு விஷயம் சொல்றேன், பல பேருக்கு இது தெரியாது. ஏர் கூலருக்குள்ளயும் தண்ணி இருக்கு. அந்த செப்பு குழாய் இருக்குல்ல, ஹீட் பைப், அது திடமான கம்பி இல்ல. உள்ள காத்தை உறிஞ்சிட்டு துளி தண்ணி விட்டு அடைச்சிருப்பாங்க. காத்தழுத்தம் இல்லாததால கம்மி சூட்டுலயே அந்த தண்ணி ஆவியாகி மேல தகடுங்க பக்கம் போகும், அங்க சூட்டை விட்டுட்டு மறுபடி தண்ணியாகி உள்சுவர்ல இருக்குற நுண்ணிய துளைங்க வழியா கீழ வரும். மோட்டார் கிடையாது, அசையிற பாகம் கிடையாது. வெளியில இருக்குற ஃபேன் மட்டும்தான் ஓடுது, அது போனா 120 மில்லிமீட்டர் ஃபேன் எந்த கடையிலயும் கிடைக்கும், மாத்திட்டு போயிட்டே இருக்கலாம்.

லிக்விட் கூலர்ல ஒரு பம்ப் தண்ணியை சுத்த விட்டு, சூட்டை ரேடியேட்டர் வரைக்கும் கொண்டு போகுது. கடைசியில ரெண்டுமே சூட்டை கொட்டுறது அதே ரூம் காத்துலதான். ரேடியேட்டர் பெருசு, கேபினெட் ஓரத்துல இருக்குறதால சூடு சீக்கிரம் வெளிய போகும், அதுதான் அதோட நிஜமான பலம். அப்புறம் தண்ணி சூடேற நேரம் எடுக்கும், அதனால அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல லிக்விட் பிரமாதமா தெரியும், அரை மணி நேரம் ஓட்டினப்புறம்தான் உண்மை நெலவரம். ரெண்டு டவர் வெச்ச ஏர் கூலர், நாக்டுவா என்எச்-டி15 மாதிரி, அதுல பாதி விலைக்கும் கீழ வர்ற தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி வாங்கினா 240 லிக்விட் கிட்ட வந்து நிக்கும்.

உழைக்கிறதை பத்தி கேட்டீங்க. நல்ல கம்பெனிங்க 5, 6 வருஷம் வாரண்டி தர்றாங்க, அதை ஒரு ஆயுள் கணக்கா எடுத்துக்கலாம். லீக் ஆகுறது அபூர்வம்தான், ஆனா ஆச்சுன்னா நேரா கீழ கிராபிக்ஸ் கார்டு மேலதான் விழும். அதைவிட சாதாரணமா நடக்குறது வேற: கட்டி வெச்ச பலூன் ரெண்டு நாள்ல தானா சுருங்குற மாதிரி, ரப்பர் குழாய் வழியா தண்ணி கண்ணுக்கு தெரியாம வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும், அந்த இடத்துல காத்து உக்காந்துக்கும். காத்து எப்பவும் உச்சியில போய் நிக்கும். பம்ப் உச்சியில இருந்தா காத்து அதுக்குள்ள போய் கொரகொரன்னு சத்தம் வரும், சீக்கிரம் போயும் போயிடும். அதனால யாராவது லிக்விட் போட்டே ஆவேன்னா ரேடியேட்டரை கேபினெட் மேல் பக்கம் மாட்டுங்க, முன்பக்கம்னா ரேடியேட்டரோட மேல் நுனி பம்பை விட ஒசரமா இருக்கட்டும். அடியில மட்டும் வேணவே வேணாம்.

கேள்வி (சிங்கப்பூர்): ரூம்ல காத்து ரொம்ப ஈரமா இருக்கு. லிக்விட் கூலர் குழாய் வெளியில வேர்த்து தண்ணி சொட்டுமா?

சொட்டாது. ரூம் காத்தை விட குளிர்ச்சியான பொருள் மேலதான் ஈரம் படியும். இந்த கூலர்ல தண்ணி எப்பவும் ரூமை விட சூடாத்தான் இருக்கும், அதுக்கு கீழ எறங்க அதால முடியவே முடியாது. வேர்க்குற தொல்லையெல்லாம் திரவ நைட்ரஜன் ஊத்தி ரெக்கார்டு போடுறவங்களுக்குத்தான். 2011ல ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150ஐ திரவ ஹீலியம் ஊத்தி 8.429 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் கொண்டு போய் கின்னஸ்ல பேர் போட்டாங்க, அந்த மாதிரி ஆளுங்க போர்டு மேல வாசலினையும் அழிரப்பரையும் அப்பி வெச்சிருப்பாங்க, நமக்கு அது எதுக்கு.

கேள்வி (சேலம்): ஐ5-13600கே, இசட்790 போர்டு, ரெண்டு டவர் ஏர் கூலர். எல்லாம் முறையாத்தான் வாங்கியிருக்கேன், இப்ப ஓவர்கிளாக் பண்ண கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

சொல்ல மாட்டேன், நீங்க படிச்சிட்டு வந்தவர். ஆனா கை வெக்கிறதுக்கு முன்னாடி பயாஸை புதுசாக்குங்க, இது மட்டும் கட்டாயம். 13, 14வது தலைமுறை இன்டெல்ல பிராசசர் தானே தேவைக்கு மேல வோல்ட்டேஜ் கேட்டு நாளடைவுல தேஞ்சு போற சிக்கல் 2024ல பெரிய விஷயமாச்சு. ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட் (பயாஸ் வழியா பிராசசருக்கு போற உள் நிரல்) திருத்தம் விட்டாங்க, பாதிக்கப்பட்ட வரிசைக்கு வாரண்டியை 2 வருஷம் நீட்டினாங்க, உங்களுதும் அந்த லிஸ்ட்ல இருக்கு. திருத்தம் இனிமே தேயாம தடுக்கும், ஏற்கனவே தேஞ்சதை சரி பண்ணாது. ஓவர்கிளாக்னால வர்ற சேதத்துக்கு வாரண்டி கிடையாதுங்கறதையும் நெனப்புல வெச்சுக்கோங்க.

பயாஸ் முடிஞ்சதும் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ல வெச்சு சினிபெஞ்ச் ஒரு அரை மணி ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோல (சென்சார் அளவையெல்லாம் காட்டுற சாப்ட்வேர்) சூடு, வாட், வோல்ட் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க. இது இல்லாம ஆரம்பிச்சா பின்னாடி எது நல்லது எது கெட்டதுன்னே புரியாது. அப்புறம் பி-கோர் (வேகமான பெரிய கோர்) மல்டிப்ளையரை 51ல இருந்து 52, ஒரே படி. வோல்ட்டேஜை தொடாம. ஓடுச்சுன்னா 53. புளூ ஸ்கிரீன் வந்தாலோ, வராமயே எச்டபிள்யூஇன்ஃபோ கீழ டபிள்யூஎச்இஏ எரர்னு (விண்டோஸ் பதிவு பண்ற ஹார்டுவேர் பிழை) எண்ணிக்கை ஏறினாலோ ஒரு படி எறங்குங்க, இல்லன்னா வோல்ட்டேஜை ரொம்ப ரொம்ப கொஞ்சமா கூட்டுங்க. நானா இருந்தா 1.35 வோல்ட்டை தாண்ட மாட்டேன். ரேமையும் பிராசசரையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க, எது விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். திரையே வராம போச்சுன்னா பதற வேணாம், பவர் கேபிளை உருவிட்டு போர்டுல இருக்குற 2032 காயின் செல்லை கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு போட்டா பழைய நெலமைக்கு வந்துடும்.

கடைசி டெஸ்ட்டை மட்டும் மே மாச மத்தியானத்துல, ஏசி போடாம பண்ணுங்க. ரூம் 10 டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். மார்கழி ராத்திரி 78ல அழகா ஓடினது சித்திரையில 90ஐ தொடும், அப்ப விழுறதை பாத்துட்டு எஸ்எம்பிஎஸ் போச்சு, ரேம் போச்சுன்னு மாத்திட்டு திரியிறவங்க ஒரு கூட்டமே இருக்கு.

கேள்வி (திருச்சி): ஆறு ஃபேன் வெச்ச கேபினெட், முன்பக்கம் பூரா கண்ணாடி. அப்படியும் சூடா இருக்கு. கூலரை மாத்தணுமா?

பக்கத்து கதவை கழட்டி வெச்சுட்டு அதே கேமை அதே நேரம் ஓட்டுங்க. சூடு 10 டிகிரி கிட்ட எறங்குச்சுன்னா குத்தம் கூலர் மேல இல்ல, கேபினெட் மேல. முன்னாடி கண்ணாடி அடைச்சிட்டா ஃபேன் ஆறு இருந்தாலும் எங்கிருந்து காத்தை இழுக்கும்? அடுத்தது வாங்கும்போது முன்பக்கம் வலையா இருக்குறதா பாருங்க, முன்னாடி உள்ள இழுக்க ரெண்டு, பின்னாடி வெளிய தள்ள ஒண்ணு, அது போதும், மிச்சமெல்லாம் லைட்டுக்குத்தான். டவர் கூலர் வாங்குறதா இருந்தா ஒசரம் அளந்துக்கோங்க, 155ல இருந்து 165 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், சில கேபினெட் கதவு மூடாது.

தொறந்தும் எறங்கலன்னா கூலரை கழட்டி அடியில பாருங்க. ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் தாளை உரிக்காமயே மாட்டி அனுப்பின சிஸ்டம் இன்னும் வந்துட்டேதான் இருக்கு. தூசியை ஆயுத பூஜைக்கு பொட்டு வெக்கும்போது மட்டும் தட்டினா பத்தாது, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா புளோயர் அடிக்கணும், அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க.

கேள்வி (ஈரோடு): நான் கேம் எல்லாம் ஆடுறதில்லைங்க. பையன் பிளஸ் டூ முடிச்சதும் ஓவர்கிளாக் பண்றேன், லிக்விட் கூலர் வாங்கி குடுன்னு நிக்கிறான். கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

நல்ல கேள்விங்க, பசங்க யாரும் கேக்காத கேள்வி. பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஏத்தினதால 60 வாட் கூட இழுக்குதுன்னு வெச்சுக்குவோம். லீவுல தினம் 5 மணி நேரம் ஆடுறான், ஒரு நாளைக்கு 0.3 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 18 யூனிட். அது மட்டும்னா பெருசா தெரியாது. ஆனா அந்த 60 வாட்டும் சூடா அவன் ரூமுக்குள்ளதான் நிக்கும், மொத்த சிஸ்டமும் முழு லோடுல 400 வாட் கிட்ட போகும், அப்ப ஏசியை 26ல இருந்து 22க்கு எறக்குவான் பாருங்க, பில்லு அங்கதான் ஏறும். உங்க வீடு ஏற்கனவே 500 யூனிட் ஓரத்துல நிக்குதுன்னா இன்னும் கவனம், 500ஐ தாண்டினா நடுவுல இருக்குற யூனிட்டுக்கும் வேற ரேட்டு போட்டுடுவாங்க.

அவன்கிட்ட என்ன பிராசசர், என்ன போர்டுன்னு எழுதி வாங்கி அனுப்புங்க. பேர்ல கே இல்லன்னா இந்த பேச்சே முடிஞ்சுது, ரைசன்னா வேற மாதிரி யோசிக்கலாம். ஏ520, ஏ620ன்னு ஏ வரிசை போர்டா இருந்தா அதுலயும் ஏத்த முடியாது.